குச்சியில் கொஞ்சம் ஒட்டட்டும்



பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால் போதும், நமக்கு வரும் கடிதங்களின் பேச்சே மாறிவிடுகிறது. வடகம், வத்தல், ஆவக்காய் ஒரு பக்கம் இருக்க, கேக்கும் குக்கீஸும் பிரவுனியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இந்த முறை பிரவுனிக்குத்தான் முதலிடம். "ஓரமெல்லாம் கட்டியாயிடுச்சு, நடுவுல மாவாவே இருக்கு." "கடையில வாங்கினா மேல பளபளன்னு ஒரு தோல் இருக்கே, அது எனக்கு வரவே மாட்டேங்குது." "பிரவுனின்னு ஆரம்பிச்சேன், சாக்லேட் கேக்காதான் முடிஞ்சுது." இப்படி எழுதியவர்களில் பலர் கடைசியில், தங்களுக்குக் கைராசி போதவில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெண்ணெய், சாக்லேட், சர்க்கரை, முட்டை, மைதா ஆகிய ஐந்தும் சேர்ந்து சூட்டில் என்ன ஆகின்றன என்பதுதான் பிரவுனி. சரியாக வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பிரவுனியை வெட்டிப் பார்த்தாலே அந்தக் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வந்த புகார்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: ஓவனிலிருந்து வெளியே எடுக்கும் நேரம். நாமெல்லாம் இட்லி வேக வைத்துப் பழகியவர்கள். ஈர விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் வந்தால்தான் தட்டை இறக்குவோம். கேக் செய்யக் கற்றபோதும், குச்சி சுத்தமாக வந்தால் வெந்துவிட்டது என்றே சொல்லிக்கொடுத்தார்கள். பிரவுனியில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். குச்சி சுத்தமாக வருகிறதென்றால் எடுக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. பிரவுனியில் வெண்ணெயும் சாக்லேட்டும் அதிகம், மைதா குறைவு. சூட்டில் அந்தக் கொழுப்பு இளகியே இருக்கும், ஆறும்போதுதான் இறுகும். போதாததற்கு, வெளியே எடுத்த பிறகும் டின்னின் சூட்டில் அது இன்னும் கொஞ்சம் வேகும். சூடாக இருக்கும்போதே கச்சிதமாகத் தெரிகிற பிரவுனி, ஆறியதும் வறண்டுபோவது இதனால்தான்.

எப்படிப் பார்ப்பது? குச்சியை நட்டநடுவில் குத்தாமல், ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளிக் குத்துங்கள். பச்சை மாவு வழவழவென்று பூசிக்கொண்டு வந்தால் இன்னும் சில நிமிடம் விடுங்கள். ஈரமான பருக்கைகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கண்ணாலும் பார்க்கலாம். ஓரம் டின்னை விட்டு மயிரிழை விலகியிருக்கும், மேற்பரப்பில் ஈரப்பசை போய்விட்டிருக்கும், டின்னை லேசாக அசைத்தால் நடுப்பகுதி மட்டும் ஒரு சின்ன நடுக்கம் காட்டும். செய்முறையில் 25 நிமிடம் என்று போட்டிருந்தால் 20-வது நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். அந்த 25 நிமிடம் எழுதியவரின் ஓவனுக்குச் சொன்னது, உங்கள் வீட்டு ஓ.டி.ஜி.க்கு அல்ல.

பிரவுனி அமெரிக்காவில் பிறந்த பண்டம். 1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அங்கே வரும் பெண்கள் டப்பாவில் எடுத்துப் போய்க் கையாலேயே சாப்பிடும்படி ஓர் இனிப்பு வேண்டும் என்று பெர்த்தா பால்மர் கேட்டார், தங்கள் சமையல்காரர் அதைச் செய்து கொடுத்தார் என்று அன்று அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த பால்மர் ஹவுஸ் ஓட்டல் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. வால்நட் தூவி, மேலே ஆப்ரிகாட் பழப்பாகு பூசிய அந்தப் பண்டத்தை இன்றும் அங்கே தருகிறார்கள். ஃபேனி ஃபார்மர் 1896-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் புத்தகத்தில் பிரவுனி என்ற பெயர் இருக்கிறது, ஆனால் அதில் சாக்லேட் கிடையாது. கருப்பஞ்சாற்றுக் கழிவுப்பாகான மொலாசஸ்தான் இருந்தது. 1906 பதிப்பில்தான் சாக்லேட் சேர்ந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இன்னும் பின்னால் வருகிறது. ஹாலிவுட் நடிகை காதரின் ஹெப்பர்னின் பெயரில் ஒரு பிரவுனி செய்முறை உலகமெல்லாம் சுற்றுகிறது. 2 முட்டைக்கும் ஒரு கப் சர்க்கரைக்கும் அதில் சேரும் மைதா கால் கப் மட்டுமே. இவ்வளவு குறைவாகவா என்று தோன்றும். செய்து பார்த்தால், மைதா எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பிரவுனி பிரவுனியாக இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

"கேக் மாதிரி வந்துவிட்டது" என்று எழுதியவர்களுக்கு என் பதிலும் அதுதான். மைதா கூடிப்போயிருக்கும், அல்லது பேக்கிங் பவுடர் சேர்ந்திருக்கும், அல்லது இரண்டுமே நடந்திருக்கும். மைதாவைக் கப்பில் அள்ளும் விதத்திலேயே எடை மாறிவிடுகிறது. ஸ்பூனால் மெதுவாக நிரப்பி வழித்தால் ஒரு கப் 120 கிராம் சுற்றி நிற்கும். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் அதே கப் 150 கிராம் வரை போகும். ஆகவே அளவைக் கிராமில் எடுங்கள். சமையலறையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். முட்டையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் 'லார்ஜ்' முட்டை ஓட்டோடு சுமார் 57 கிராம். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடச் சின்னது. முட்டை சின்னதாகத் தெரிந்தால் கூடவே ஒரு மஞ்சள் கருவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரவுனி இன்னும் செறிவாகத்தான் வரும்.

நான் நம்பும் அளவைச் சொல்லிவிடுகிறேன். 8 அங்குலச் சதுர டின்னுக்கு: டார்க் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 3, மைதா 80 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸ். வெண்ணெய் உப்புப் போட்டதாக இருந்தால் தனியாக உப்பு வேண்டாம். ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டியான ஃபில்டர் காபி டிகாக்ஷனும் சேருங்கள். காபி வாசனை தெரியாது, ஆனால் சாக்லேட் சுவை எழுந்து நிற்கும். பேக்கிங் பவுடரை நான் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

இப்போது அந்தப் பளபளத் தோல். அதிகம் பேர் கேட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மேலே காகிதம் போல மெலிதாக, தொட்டால் நொறுங்கும்படி வரும் அந்த அடுக்கு, முட்டையும் கரைந்த சர்க்கரையும் சேர்ந்து சூட்டில் காய்ந்து உருவாவது. சர்க்கரை முழுதாகக் கரைந்திருந்தால்தான் அது வரும். நம் மளிகைக் கடைச் சர்க்கரை பெரிய பெரிய படிகமாக இருக்கும், அவ்வளவு சீக்கிரம் கரையாது. அமெரிக்கச் செய்முறையை அட்சரம் பிசகாமல் செய்தும் தோல் வராமல் போவதற்கு இதுவே முதல் காரணம். சர்க்கரையை மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றி ரவை பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஐசிங் சுகர் வேண்டாம். அதில் சோளமாவு கலந்திருக்கும், மேற்பரப்பு மங்கிவிடும்.

அடுத்த வேலை அடிப்பது. ஃபிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்த முட்டையையும் பொடித்த சர்க்கரையையும் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு ஹேண்ட் பீட்டரால் 4, 5 நிமிடம் அடியுங்கள். விஸ்க்கால் என்றால் கை வலிக்க 8 நிமிடமாவது ஆகும். முதலில் ஆழ்ந்த மஞ்சளாக, நுரை நுரையாக இருக்கும். போகப் போக நிறம் வெளுத்துத் தந்த நிறத்துக்கு வரும், கலவை தடிக்கும். பீட்டரைத் தூக்கினால் கலவை நாடா போல விழுந்து, பரப்பின் மேல் ஒரு கோடாக இரண்டு விநாடி நின்று, பிறகே மறைய வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று சர்க்கரை தட்டுப்பட்டால் இன்னும் அடிக்க வேண்டும். நறநறப்பு போனதும் நிறுத்திவிடுவதும் முக்கியம். இரண்டு மடங்காகப் பொங்கும் வரை அடித்தால் காற்று அதிகம் புகுந்து, பிரவுனி ஓவனில் எழும்பி வெளியே வந்ததும் நடுவில் தொப்பென்று இறங்கிவிடும்.

சாக்லேட்டையும் வெண்ணெயையும் சேர்த்தே உருக்குங்கள். அடியில் கொதிக்கும் நீர், மேலே பாத்திரம் என்ற டபுள் பாய்லர் முறை நல்லது. மேல் பாத்திரத்தின் அடிப்பகுதி தண்ணீரைத் தொடக் கூடாது. தனிச் சாக்லேட்டை உருக்கும்போது ஒரு துளி தண்ணீர் தெறித்தாலும் அது சட்டென்று இறுகி மணல் மணலாகிவிடும். அதிலுள்ள சர்க்கரையும் கோகோவும் அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதுதான் காரணம். இறுகிய சாக்லேட்டைக் கொட்டிவிடாதீர்கள். கொதிக்கும் பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் அழகான சாஸ் ஆகிவிடும், மேலே ஊற்றிக்கொள்ளலாம். உருகிய கலவை கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்ததும் முட்டையோடு சேருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை வெந்து திரிதிரியாகும். முழுக்க ஆறவிட்டாலும் மாவு கெட்டிப்பட்டுத் தோல் சரியாக வராது.

கடைசியாக மைதாவும் கோகோவும். சேர்த்துச் சலித்து, கரண்டியாலோ ஸ்பேட்டுலாவாலோ மடித்து மடித்துக் கலந்து, வெள்ளைக் கோடு மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மைதாவைப் போட்ட பிறகு பீட்டரைத் தொடவே வேண்டாம். அடிக்க அடிக்க மாவில் இழுவை கூடிப் பிரவுனி ரப்பர் போலாகும். வால்நட் போடுவதானால் வறுத்துப் போடுங்கள்.

"எண்ணெய் மிதக்கிறது" என்று எழுதியவர்கள் சாக்லேட் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள். நம் ஊர் பேக்கரிப் பொருள் கடைகளில் பெரிய பாளமாக விற்கும் டார்க் காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்புகள் இருக்கும். விலை குறைவு, கையாளச் சுலபம், சாக்லேட் அச்சுக்கு அது போதும். பிரவுனியில் சாக்லேட்தான் எல்லாமே. அங்கே காம்பவுண்ட் போட்டால் நாக்கில் ஒரு மெழுகுப் பூச்சு நின்றுவிடுகிறது, அதில் சர்க்கரையும் அதிகம். பட்டியலில் கோகோ வெண்ணெய் இருக்கும், 50 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள சாக்லேட்டை வாங்குங்கள். விலை கட்டுப்படியாகாது என்றால் காம்பவுண்டுக்குப் போகாமல், நல்ல கோகோ பவுடரை மட்டும் வைத்துச் செய்யும் பிரவுனிக்குப் போங்கள். வெறும் கோகோ பிரவுனி ஒன்றும் தாழ்ந்ததில்லை, பல நேரம் அதுதான் இன்னும் மென்மையாக வருகிறது. கோகோ என்றாலே கடல் கடந்து வரும் சரக்கு என்ற எண்ணமும் வேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் காயிலிருந்து செய்த நல்ல சாக்லேட்டுகள் இப்போது நம் கடைகளிலேயே கிடைக்கின்றன என்பதில் எனக்கு நிஜமான சந்தோஷம்.

நல்ல சாக்லேட் போட்டும் கலவை பிரிந்து எண்ணெய் தனியாக நின்றால், சூடு அதிகமாகியிருக்கும் அல்லது முட்டை சில்லென்று இருந்திருக்கும். மைதா சேர்ப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலை விட்டு வேகமாகக் கலக்கினால் பெரும்பாலும் திரும்ப ஒன்றுசேர்ந்துவிடும்.

ஓரம் கட்டி, நடுப் பச்சை என்ற புகாருக்கு வருகிறேன். அப்படி எழுதியவர்களில் பலர், தங்களிடம் உள்ள 8 அங்குல வட்டக் கேக் டின்னில் செய்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. 8 அங்குலச் சதுர டின்னின் பரப்பு 64 சதுர அங்குலம். அதே 8 அங்குல வட்ட டின்னின் பரப்பு சுமார் 50தான். ஒரே அளவு மாவை ஊற்றினால் வட்ட டின்னில் அது கால் பங்குக்கு மேல் உயரமாக நிற்கும். நடுவுக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் ஓரம் காய்ந்துவிடாமல் என்ன செய்யும்? வட்ட டின்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் முக்கால் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாத்திரமும் இதே சிக்கலைத் தரும். மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை விடாது, வெளியே எடுத்த பின்னும் ஓரத்தை வேக வைத்துக்கொண்டே இருக்கும். சாதாரண வெளிர் நிற அலுமினியம் டின்தான் இதற்கு ஏற்றது. பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டுவிட்டால் ஆறியதும் அப்படியே தூக்கிவிடலாம்.

ஓ.டி.ஜி.யின் திருகில் 170 என்று வைத்தால் உள்ளே 170 இருக்கும் என்று நம்ப முடியாது. 10, 20 டிகிரி கூடக் குறைய இருப்பது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். அமெரிக்கச் செய்முறையில் 350 என்றிருப்பது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177 டிகிரி செல்சியஸ். மேலே சொன்ன அளவுக்கு 170-ல் 15 நிமிடம் முன்சூடு செய்து, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய, நடுத்தட்டில் வையுங்கள். 22 முதல் 28 நிமிடம் ஆகும். உள்ளே ஃபேன் ஓடும் கன்வெக்ஷன் என்றால் 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஓவன்களில் பின்பக்கம் சூடு கூடுதலாக இருக்கும். முக்கால் நேரம் ஆனதும் டின்னை ஒருமுறை திருப்பி வைக்கலாம், அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம். நடுவில் கரண்ட் போய்விட்டால் பதறாமல் கதவை மூடியபடியே விடுங்கள். சில நிமிடத்தில் வந்துவிட்டால் பிரவுனிக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கும் நேரத்தை மட்டும் தள்ளிப் போட்டால் போதும்.

ஓவன் இல்லாத வீடுகளிலிருந்தும் நிறையக் கடிதங்கள். அடி கனத்த பழைய கடாயில் அரை அங்குலத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, நன்றாகப் பொருந்தும் மூடியால் மூடி மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு டின்னை வைத்துச் சிறு தீயில் 35 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம். குக்கரில் செய்பவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தினமும் சோறு வைக்கும் நல்ல குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், தண்ணீரில்லாமல் காய்ந்தால் அடி கெட்டுவிடும். இந்த முறையில் பளபளத் தோல் வராது. சூடு கீழிருந்து மட்டும் வருகிறது, எழும் ஆவியும் மூடிக்குள்ளேயே நிற்கிறது. ருசிக்கு அதனால் குறைவில்லை.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கும், புரட்டாசியில் கேட்பவர்களுக்கும்: ஒரு முட்டைக்குப் பதில் 60 கிராம் கெட்டித் தயிர், புளிக்காதது. அதோடு கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா. உள்ளே நன்றாக வரும், மேல்தோல் வராது. தோலும் வேண்டும் என்றால் உப்பில்லாமல் வேக வைத்த கொண்டைக்கடலைத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, ஆறவிட்டு, ஒரு முட்டைக்கு 3 டேபிள்ஸ்பூன் கணக்கில் சர்க்கரையோடு நுரைக்க அடித்துப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக் கருவைப் போலவே அது நுரைத்துத் தோலும் கொடுக்கிறது. சுண்டல் செய்யும் நாளில் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள்.

வெட்டும் நேரத்தில்தான் குழந்தைகளின் பொறுமை போகிறது, பெரியவர்களுடையதும்கூட. எவ்வளவு கெஞ்சினாலும் 2 மணி நேரம் ஆறவிடுங்கள். முடிந்தால் அதன் பிறகு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு நீளக் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒரே அழுத்தாக அழுத்தி வெட்டுங்கள், அறுக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தால் ஓரம் கண்ணாடி போல நிற்கும். நடு இன்னும் ஓடுகிறதே என்று அப்போது தெரிந்தால், முட்டையும் மைதாவும் வேகாமல் இருக்கின்றன என்று பொருள். அப்படியே சாப்பிடக் கொடுக்க வேண்டாம். மேலே ஃபாயில் மூடி 150 டிகிரியில் 8, 10 நிமிடம் திரும்ப வையுங்கள்.

வறண்டுபோனதற்கும் வழி உண்டு. வெதுவெதுப்பான பாலில் கொஞ்சம் டிகாக்ஷனும் சர்க்கரையும் கலந்து பிரஷ்ஷால் மேலே தடவி, ஒரு இரவு மூடி வைத்தால் மீண்டும் இளகிவிடும். ஓட்டலில் இரும்புத் தட்டில் புகைய வரும் சிஸ்லிங் பிரவுனிக்கும் சற்று வறண்டதுதான் நல்லது, சூடான சாஸும் ஐஸ்கிரீமும் அதில் ஊறி இறங்கும். நன்றாக வந்த பிரவுனியைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மேல்தோல் மறுநாள் பிசுபிசுக்கும், சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அப்படி, கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜுக்கு மாற்றி, சாப்பிட 20 நிமிடம் முன்னதாக எடுத்து வையுங்கள். செய்த அன்றைவிட மறுநாள் ருசி கூடுதலாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஏதாவது இடறினால் எழுதுங்கள். எழுதும்போது டின்னின் வடிவமும் அளவும், ஓவனா கடாயா, சாக்லேட்டா காம்பவுண்டா, எத்தனை நிமிடத்தில் எடுத்தீர்கள் என்ற நான்கையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் எடுத்த ஒரு படமும் இருந்தால் பதில் சொல்ல எனக்கு இன்னும் சுலபமாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்